எட்டாவது படம்

நான் முகில்களைப் படம் பிடிக்கிறவன். அதை மட்டும் செய்துகொண்டிருந்தால் உருத்திரபுரத்தில் அடுப்பு எரியாது. எனக்கு மூன்று ஏக்கர் வயலும் இருந்தது. நில அளவைக்கு வந்திருந்த சேவையர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் பெட்டிக் கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறிவிடுவேன். நாள் முழுக்கக் குனிந்து சேற்றைப் பார்த்தவனுக்கு அண்ணாந்து பார்ப்பதே பெரிய ஆறுதல். "முகில் யோகலிங்கம்" என்று ஊரில் பெயர் வைத்தார்கள். "மழை வருமோ எண்டு உன்ரை பெட்டியைக் கேட்டுச் சொல்லடாப்பா" என்று நக்கலடிப்பார்கள். அடித்தால் அடிக்கட்டும். படத்தில் நிறம் வராது, செக்கர் வானமும் சாம்பலாகத்தான் விழும். ஆனாலும் முகிலின் ஓரத்தில் வெளிச்சம் ஏறி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் களைப்பு மறந்துபோகும்.

என் தங்கை நேசமலருக்குக் களைப்பை மறக்க அப்படி எதுவும் இருக்கவில்லை. அப்பா எங்களைப் பருத்தித்துறையிலிருந்து இந்தக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு இருபது வயது. அடுத்த மாரியில் காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோனது, அதற்கடுத்த வருசம் அம்மாவை. பிறகு களை பிடுங்குவதும் மாடு பார்ப்பதும் சமைப்பதும் அவள் தலையில்தான். அறுபத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் அவளுக்கு முப்பத்தொன்று.

அந்த மார்கழியில்தான் தரகர் தில்லைநாதர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். குறிப்புப் பொருந்திவிட்டது. பொங்கலுக்கு லீவில் வருகிறவர், மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த நாள் இரவு ரயிலில் திரும்பிவிடுவார்.

"அதுக்குள்ளை ஒரு படம் வேணும், தம்பி. பொம்பிளையைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரூடியோவிலை எடுப்பியுங்கோ."

"ஸ்ரூடியோ ஏன்? என்னட்டைக் கமரா இருக்கு. நானே எடுப்பன்" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நேசமலர் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஒருநாளாவது வயலை விட்டுப் பட்டணம் போய்வர அவளுக்கு ஆசை இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஒரு பிலிமுக்கு எட்டுப் படம். ஆறு ஏற்கெனவே முகிலுக்குப் போயிருந்தது. மிச்சம் இரண்டையும் அவளுக்கென்றுதான் வைத்தேன், சத்தியமாக. பத்து நாள் விடாமல் மழை மூட்டம். வானம் வெளித்த அன்று பன்றி உழக்கிய வரம்பைக் கட்டவே இருவருக்கும் பொழுது போய்விட்டது. பின்னேரம் அவள் கிணற்றடியில் முழுகி, அம்மாவின் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வர நேரமானது. அதற்குள் மேற்கே மூட்டம் பிளந்து, நடுவில் வெயில் கொட்டியது. கை சும்மா இருக்குமா? ஏழாவதும் போய்விட்டது.

குளக்கட்டில் அவள் மேற்கைப் பார்த்து நின்றாள்.

"இப்பிடி நிண்டாத்தானே அண்ணை முகத்திலை வெளிச்சம் விழும்?"

"உனக்கு உது விளங்காது. மேற்குக்கு முதுகைக் காட்டி நில். பின்னாலை முகில் வரவேணும்."

திரும்பி நின்றாள். நான் கமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அதன் மேலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தேன். பெரிய முகில் இன்னும் அவள் தோளுக்கு மேலே வரவில்லை.

"கெதியா எடுங்கோ. கால் உளையுது."

"கொஞ்சம் பொறு."

அந்தக் கொஞ்சம் கால் மணித்தியாலமாவது இருக்கும். அவள் அசையாமல் நின்றாள். முகில் வந்தது, கமராவின் விசையை அமத்தினேன்.

பிலிமை யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் கொண்டுபோய் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். பொங்கல் நெருக்கடியில், மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த நாள் காலையில்தான் படங்கள் கைக்கு வந்தன. ஸ்ரூடியோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உந்த முகிலெல்லாம் ஆர் எடுத்தது?"

"நான்தான்."

"நல்ல கண் ஐயா உங்களுக்கு."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டாவதுதான் திறம். முகில் இரண்டாகப் பிரிந்து, ஓரமெல்லாம் வெள்ளி போல் நின்றது. நான் பிடித்ததிலேயே இதுதான் நல்ல முகில் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் முகிலுக்குக் கீழே நின்ற உருவம் என் கண்ணில் பட்டது. சோற்றுப்பானையின் அடி போல ஒரே கறுப்பு. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அதைக் காணமுதல் சந்தோசப்பட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேறு வழியில்லை, தில்லைநாதரின் வீட்டுக்கு நடந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முற்றத்து வெயிலில் படத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"முகில் வடிவாத்தான் இருக்கு. பொம்பிளை எங்கை தம்பி?"

"இன்னொண்டு எடுத்து அனுப்பட்டே? ஒரு கிழமை..."

"அவர் இண்டைக்கு ரயில் ஏறுறார். வேறை ரண்டு பிள்ளையளின்ரை படம் அவையின்ரை கையிலை கிடக்கு. இதைக் குடுத்தனெண்டால், முகத்திலை ஏதோ குறை, அதுதான் மறைக்கினம் எண்டு நினைப்பினம். கொண்டுபோங்கோ."

பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டவன் என்று என்னை நானே ஏசிக்கொண்டு ரயிலேறினேன். பரந்தனில் இறங்கி நடக்கும்போது நல்ல முகில்கள் நின்றன. நான் நிமிரவில்லை.

நேசமலர் வாய்க்காலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"முகில் நல்லா வந்திருக்கு, அண்ணை."

குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கமராக் கண்ணாடியிலை பாக்கேக்கை என்ரை முகம் தெரிஞ்சதோ?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "நான் பாக்கேல்லை, பிள்ளை."

"ஓம். அது எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"தெரிஞ்சால் ஏன் பேசாமல் நிண்டனீ?"

அவள் படத்தை என் கையில் தந்துவிட்டு, கழுவிய சட்டிகளை அடுக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"ஒருக்காச் சொன்னனான்தானே, அண்ணை. ரண்டாந்தரம் சொல்லக் களைப்பாக் கிடந்தது."