காட்பாடி என்ற பழுப்பு

இணையப் பக்கங்களுக்கும் மோஸ்தர் உண்டு. 1998-ல் நான் வேலூரில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓட வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் பெட்டி அடியில் இருக்க வேண்டும். 2000-ல் பக்கத்தை மூன்று துண்டாக வெட்டினோம். இப்போது 2003 டிசம்பர். எல்லாருக்கும் ஃபிளாஷ் வேண்டும். கம்பெனியின் பெயர் பறந்து வந்து உட்கார வேண்டும். தொலைபேசி இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் தௌசீப் அகமதுவும் அதைத்தான் கேட்டார். ஜனவரி கடைசியில் சென்னையில் தோல் கண்காட்சி. அதற்குள் அவருடைய தளம் புதிதாக வேண்டும்.

"ஃபிளாஷ் கெடக்கட்டும் ஜோவின். மொதல்ல அந்த பிரவுன எடுத்துடுங்க," என்றார். "பேஜாரா இருக்குது. நம்ம தோல் இன்னா கலர், இது இன்னா கலர்? பச்ச தட்டுது. மருதாணி அரைச்ச அம்மி மாதிரி."

நான் குறிப்பு நோட்டை மூடினேன்.

"கோவமா?"

"இல்ல பாய்."

"இப்போ எல்லாரும் இதே பிரவுன்தான். ராணிப்பேட்டையில நாலு பேரு, வாணியம்பாடியில மூணு. இன்னா, எல்லாரும் சேர்ந்து ஒரே டின்னு வாங்கி அடிச்சீங்களா?"

அந்தப் பழுப்பு என் மனைவி கேத்தரின் தேர்ந்தெடுத்தது. மார்ச்சில் இறந்துவிட்டாள். மூளைக்காய்ச்சல், ஒன்பது நாள். பாய் அடக்கத்துக்கு வந்திருந்தார். நிறத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால், நான் செய்யும் வேலையில் அவள் கைவைத்தது என்று எதுவும் இருக்காது.

அவள் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் வேலையில் இருந்தாள். வாங்குபவர் அனுப்பும் துண்டுக்கு இணையாகச் சாயம் கலக்க வேண்டும். டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது. துண்டை வெளியே எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2001-ல் பாயின் தளத்தை நான் செய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தவள், ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, பாய் கொடுத்த தோல் துண்டை எங்கள் மானிட்டர்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"செவப்பு கம்மி பண்ணுங்க. இன்னும் கொஞ்சம். இன்னாங்க இது, உங்க மானிட்டருக்கு மெட்ராஸ் ஐ வந்துடுச்சா?"

குறைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. 6B4F2A என்ற குறியீட்டில் நிறுத்தச் சொன்னாள். அதை ஒவ்வொரு பக்கமாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபது பக்கத்துலயும் எழுதுவீங்களா? எங்க லேப்ல கலருக்கு ஒரு பேரு, ஒரு ஃபார்முலா. மாத்தணும்னா ஃபார்முலாவ மாத்துவோம். சாயம் ஏத்துற டிரம் டிரம்மா போயி காதுல சொல்லிக்கினா இருப்போம்?"

அப்படி ஒன்று கணினியிலும் வந்திருந்தது. ஸ்டைல் ஷீட் என்று பெயர். நிறத்துக்கு ஒரு பெயர் வைத்துத் தனிக் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், பக்கங்களில் பெயரை மட்டும் குறித்தால் போதும். நான் படிக்காமல் தள்ளிப்போட்டிருந்தேன். அந்த வாரம் படித்தேன். என்ன பெயர் வைக்கலாம் என்று அவளைக் கேட்டேன்.

"காட்பாடி."

"ஏன்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்டேஷன்ல ஒரு டீ வாங்கிக் குடுத்தீங்களே. அந்தக் கலர்."

ஆங்கில எழுத்தில் காட்பாடி என்று அடித்தேன். எங்கள் மானிட்டரில் அது அசல் தோல் நிறம். மற்ற எல்லாருடைய மானிட்டரிலும் பச்சை தட்டியது. எங்கள் மானிட்டரில்தான் சிவப்பு தூக்கல் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

பாய் சொன்ன ஏழு தளங்களையும் அன்று மதியம் திறந்தேன். எந்தப் பக்கத்துக்கும் அடியில் எழுதியிருக்கும் கட்டளைகளைத் திறந்து படிக்கலாம். எல்லாருடைய வேலையும் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. இந்தத் தொழிலைப் படிக்க எங்களுக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. முதல் தளத்தில் 6B4F2A, காட்பாடி. இரண்டாவதில் காட்பாடி. ஏழிலும் காட்பாடி.

ராணிப்பேட்டையில் இதே வேலை செய்யும் மூர்த்திக்குப் போன் செய்தேன்.

"காப்பிதான் சார். இல்லைன்னா சொல்றேன்? நீங்க மட்டும் பொறக்கும்போதே படிச்சிட்டு வந்தீங்களா?" சிரித்தான். "அது இன்னா சார் காட்பாடி? எடுத்துப் பாத்தேன், பக்கமே வெளுத்துடுச்சு. பயந்து திரும்ப வெச்சுட்டேன்."

"கலரோட பேரு."

"ஊரு பேரா? யார் சார் வெச்சது?"

"வீட்ல."

கேத்தரின் இறந்தது அவனுக்குத் தெரியும். "எடுக்கணுமா சார்?" என்றான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் பாய் ஒரு முகவரி அனுப்பினார். போர்ச்சுகலில் அவரிடம் தோல் வாங்கும் செருப்புக் கம்பெனி. 'அவங்களும் அதே கலர், பாருங்க' என்று எழுதியிருந்தார். பக்கம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. புரியாத மொழி. நடுவில் எங்கள் பழுப்பு. எங்களுடைய தோல் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அடியில் திறந்து பார்த்தேன். முப்பத்தொரு இடத்தில் காட்பாடி. முதல் காட்பாடிக்கு மேலே, பக்கத்தில் தெரியாதபடி, அடுத்து வேலை செய்பவருக்காக ஒரு வரி அவர்கள் மொழியில் இருந்தது. மொழிபெயர்க்கும் தளம் ஒன்றில் அதைப் போட்டேன்.

'இதை எடுக்காதீர்கள். எதற்கு என்று தெரியவில்லை. இது இல்லாவிட்டால் எதுவும் சரியாக இல்லை.'

எழுந்து நின்றேன். திரும்ப உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். நான் பார்க்காத ஊர். முகம் தெரியாத ஒரு ஆள். அங்கே யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அவர்களுடைய கணினி முதலில் காட்பாடி என்றால் என்ன என்று தேடுகிறது. கண்டுபிடிக்கிறது. பிறகுதான் நிறம் பூசுகிறது. ஒவ்வொரு முறையும். அவள் படுத்திருந்த ஒன்பது நாளும் அது நடந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மாதங்களிலும்.

திங்கட்கிழமை காலை ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். பாயின் ஆபீசில் நல்ல மானிட்டர் இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். டியூப்லைட்டை அணைத்தேன். தோல் துண்டை மானிட்டர்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா இது, டாக்டர் மாதிரி?" என்றார் பாய்.

சிவப்பைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம். துண்டு எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போன இடத்தில் நிறுத்தினேன். தனிக் கோப்பைத் திறந்து, பழைய ஆறு எழுத்துகளை அழித்து, புதிதாக ஆறு எழுதினேன். பெயரைத் தொடவில்லை. ஒரே வரி. அறுபது பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அறுபதும் மாறியிருந்தன.

"யா அல்லா," என்றார் பாய். நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இதான் நம்ம தோலு. இதுக்கு இன்னா பேரு போட்டிருக்குது? காட்பாடியா?"

"ஆமா பாய்."

"நம்ம கம்பெனி சைட்டுக்கு அந்த ஊரு பேரு எதுக்கு? ஆம்பூர்னு மாத்திடுங்களேன்."

"மாத்தக் கூடாது பாய். இது இல்லைன்னா எதுவும் சரியா இருக்காது."