பி.ஏ. படத்தில் பி.ஏ. மட்டும்

கல்வி சாவையும் வெல்லும் என்று ஆரோக்கியமுத்து வாத்தியார் இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1938-ம் வருஷம் ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவருடைய இளைய மகன் லூர்துநாதன் கறுப்பு அங்கி மாட்டி, தோளில் பட்டுத் துணி தொங்க, பட்டச் சுருளைக் கையில் பிடித்து வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் ஊர் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது.

மணி அடித்த கோயில்பிள்ளை செல்லமுத்துவின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஆவூர்ப் பங்கைச் சேர்ந்த அந்தச் சிற்றூருக்குப் புதுக்கோட்டையிலிருந்து போட்டோக்காரர் ஆத்மநாதன் வண்டி கட்டிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருந்துவந்தது. உயிரோடு இருக்கிறபோது படம் எடுத்துக்கொள்ள அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. செத்த பிறகு குளிப்பாட்டி, உள்ளதில் நல்ல உடுப்பாகப் போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை சூட்டி, கையில் செபமாலையைச் சுற்றிவிட்டு, சொந்தங்கள் இரண்டு பக்கமும் நிற்க ஒரு படம். அன்று ஆத்மநாதனின் வண்டி வாத்தியார் வீட்டு வாசலில் முக்காலியும் பெட்டியுமாக நின்றது. போனவர் யார் என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று செல்லமுத்து கயிற்றை இழுத்துவிட்டார்.

"போயி நிறுத்தச் சொல்லுங்கப்பா," என்றான் லூர்துநாதன், வாயை அசைக்காமல்.

"நீ ஆடாத. அவன் அடிச்சுட்டுப் போறான்," என்றார் வாத்தியார்.

ஆடக்கூடாது என்பதில் நியாயம் இருந்தது. ஆத்மநாதன் படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட்டுகள் இரண்டே கொண்டுவந்திருந்தார். சாதாரணமாக அதில் ஒன்று மிஞ்சிவிடும். "இந்த ஊர்ல இதுவரைக்கும் நான் எடுத்தவுங்க யாரும் அசஞ்சதில்லீங்க," என்று வந்தவுடனே அவர் மரியாதையாக எச்சரித்தார். "உசுரோட இருக்கவுங்கள எடுக்கறதுதான் செரமம்." அங்கியோ இரவல். லூர்துநாதன் பட்டம் வாங்கச் சென்னைக்குப் போகவில்லை. பட்டம் தபாலில் வந்து சேர்ந்தது. திருச்சியில் அவனுக்குப் பாடம் சொன்ன ஒருவர் தம்முடைய அங்கியைக் கொடுத்திருந்தார், திங்கட்கிழமை காலை திரும்ப வந்துவிட வேண்டும் என்று சொல்லி. அவர் ஆறடி உயரம். அங்கியின் கைகளை உள்பக்கமாக மடித்து ஊசி நூலால் பிடித்திருந்தாள் அம்மா வியாகுலமேரி. தைத்து முடித்ததும் வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

படம் யாருக்காக என்பதுதான் விஷயம். மூத்தவன் அடைக்கலம் ஏழு வருஷமாக மலாய் நாட்டில் இருந்தான். தோட்டத்து ஆபீசில் இருப்பதாக வாத்தியார் சொல்லிவந்தார். ஆபீஸ் இருந்த தோட்டத்தில் அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். தம்பி படித்தது அந்தப் பாலில்தான். அவனுடைய கடைசிக் கடிதத்தை வாத்தியார் வழக்கம்போல மணிக்கூண்டுக் குரலில் மனைவிக்குப் படித்துக்காட்டினார். தம்பியை பி.ஏ. உடுப்போடு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அங்கே வந்தபோது வாத்தியாருக்குத் தொண்டை அடைத்தது. இருமினார். கடிதத்தை மடித்தார். "அம்புட்டுத்தான்," என்றார்.

அன்றைக்கே திரும்ப எடுத்துப் படித்திருக்கலாம். ஆனால் தொண்டை அடைத்ததால் விட்டுவிட்டேன் என்று ஒரு தலைமையாசிரியர் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு வாரத்தில் அது ஒரு கொள்கையாகிவிட்டது. பி.ஏ. படத்தில் பி.ஏ. மட்டும்தான் இருக்கவேண்டும், துரைமார் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தண்டட்டி இழுத்துத் தோளைத் தொடும் காதோடு ஒரு பொம்பிளை பக்கத்தில் உட்கார்ந்தால் பட்டத்துக்கு என்ன மதிப்பு? அந்த இரண்டு வரியை லூர்துநாதன் முந்தின நாள்தான், பைபிளுக்குள் செருகியிருந்த கடிதத்தில் பார்த்தான். பார்த்ததிலிருந்து அப்பாவிடம் சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

ஆத்மநாதன் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே தம்முடைய திரையைக் கட்டினார். அதில் ஒரு அரண்மனை மாடமும், பளிங்குப் படிக்கட்டும், ஒரு பூந்தொட்டியும் வரைந்திருந்தது. புதுக்கோட்டையில் உயிரோடு இருப்பவர்களுக்கான திரை அது என்று சொன்னார். வாத்தியார் தாமே மகன் கழுத்தில் சம்பங்கி மாலையைப் போட்டுச் சரிசெய்தார். ஆத்மநாதன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து லென்ஸ் மூடியில் கை வைத்தார்.

"நாலு எண்ணுவேன். மூச்சுக்கூட மெதுவா விடணும், தம்பி." மூடியை எடுத்தார். "ஒண்ணு..."

வாத்தியாரின் தங்கை ஜெபமாலையம்மாள் மேலத்தெருவிலிருந்து ஓடிவந்தாள். மணிச் சத்தத்தில் புறப்பட்டவள், வழியிலேயே கொண்டையை அவிழ்த்து, பாதி ஒப்பாரியை முடித்திருந்தாள். நாற்காலி, மாலை, கறுப்பு உடுப்பு, கண்ணை மூடாமல் விறைத்து உட்கார்ந்திருக்கும் மருமகன். வேறென்ன வேண்டும்?

"என் ராசா, படிச்ச படிப்பு மண்ணாப் போச்சே," என்று அவன் மடியில் விழுந்தாள்.

"அத்தை, எந்திரிங்க, நல்லாத்தான் இருக்கேன்," என்றது பிரேதம்.

ஜெபமாலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். "நல்லா இருக்கவன் எதுக்குடா போட்டோ எடுக்குற?" என்றாள். வீணாக ஓடிவந்த கோபம் அவளுக்கு.

அதற்குள் இருபது பேர் வந்துவிட்டார்கள். துக்கம் இல்லை என்று தெரிந்தும் யாரும் போகவில்லை. போட்டோ என்றால் எங்கே நிற்பது என்று எல்லோருக்கும் பழக்கம். ஆண்கள் நாற்காலிக்குப் பின்னால், பெண்கள் தரையில், கன்னத்தில் கை. ஆத்மநாதன் பிளேட்டை வெளியே எடுத்துப் பெட்டியில் வைத்தார். "இது போச்சுங்க. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

வாத்தியார் பிரம்பில்லாமலே எல்லோரையும் கிணற்றடிக்கு விரட்டினார். "பி.ஏ. மட்டும். பி.ஏ. மட்டும்."

லூர்துநாதன் எழுந்து நின்றான். மாலை கோணியது. "அம்மா உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்."

"என்னடா பேச்சு இது, ஆள் மத்தியில?"

"அண்ணன் லெட்டர்ல கேட்டிருக்கு. அம்மாவயும் உக்கார வச்சு எடுக்கணும்னு."

வியாகுலமேரி வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். மகனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"கேட்டானா? என்னன்னு எழுதியிருந்தான்?"

வாத்தியார் வானத்தைப் பார்த்தார். ஆடிக் காற்று அந்த நேரம் பார்த்து வீசி, திரையின் வலது பக்கக் கயிற்றை அறுத்தது. அரண்மனை பாதி மடிந்து தொங்கியது. "யாராச்சும் பின்னால நின்னு தூக்கிப் புடிக்கணுங்க," என்றார் ஆத்மநாதன். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எந்த வேலைக்கும் போய் ஊர் பார்த்ததில்லை.

ஜெபமாலையம்மாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க மதனி. சேலையத்தான் கொஞ்சம் இழுத்து விட்டுக்கங்க." வியாகுலமேரி உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தாள். அவள் இதற்கு முன் இரண்டு படங்களில் இருந்திருக்கிறாள். ஒன்றில் பக்கத்தில் மாமனார், இன்னொன்றில் மூன்று வயது மகள். கடல் தாண்டி அனுப்புகிற படங்கள் அல்ல அவை. எப்படி உட்கார வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆத்மநாதன் மூடியை எடுத்தார். "ஒண்ணு..."

அரண்மனைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மணிக்கூண்டுக் குரல் இல்லை, உள்ளே அடங்கியது. "'அம்மா முகம் மறந்துபோய்விடும் போல இருக்கிறது.'"

"ரெண்டு..."

"'கண்ணை மூடினால் சேலை தெரிகிறது, கை தெரிகிறது. முகம் வரமாட்டேன் என்கிறது. ஆகையால் தம்பி பக்கத்தில் அம்மாவையும் உட்காரவைத்து எடுக்கவும்.'"

"மூணு..."

லூர்துநாதன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அசையவில்லை. கண்ணில் நீர் நிறைந்தது, வழியவில்லை. எதிரே இருந்த கண்ணாடி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் மறுபக்கத்தில் ஆள் இருப்பதுபோல.

"நாலு," என்று ஆத்மநாதன் மூடியை வைத்தார். "ஆத்தா மாதிரி உக்கார உசுரோட ஆள் இல்லீங்க," என்றார். தொழிலில் அவர் அறிந்த பெரிய பாராட்டு அதுதான்.

படம் பத்து நாள் கழித்து வந்தது. வாத்தியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வியாகுலமேரியின் முகத்தில் ஒவ்வொரு கோடும் எண்ணுகிறமாதிரி இருந்தது. தண்டட்டியில் வெயில் பட்டு மின்னியது. அங்கியும் மாலையும் பட்டச் சுருளும் சுத்தமாக விழுந்திருந்தன. அங்கிக்கு மேலே, பட்டதாரியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு மூக்கும் கொஞ்சம் புகையும் இருந்தன.

"அண்ணனுக்கு என் மூஞ்சி தெரியும்ப்பா," என்றான் லூர்துநாதன். "அனுப்பிருங்க."

வாத்தியார் படத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு வாங்கினாள். தன் முகத்தைப் பார்த்தாள். மகனின் புகையைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை பளிங்குப் படிக்கட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கிவந்து ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. படத்தைப் புருஷனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே இடத்தைப் பார்த்தார். வேறு பிரதி கிடையாது. மறுநாள் அது மலாய் நாட்டுக்குத் தபாலில் போயிற்று.

படத்தில் திரை தரையைத் தொடவில்லை. அரண்மனைக்குக் கீழே ஒரு முழ இடைவெளியில் தலைமையாசிரியரின் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. ஒன்று மற்றொன்றைச் சொறிந்துகொண்டிருந்தது.