தாய்மாமன் மடி

கோர்ட்டு வாசலில் லுசியன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் காமாட்சி அவனிடம் ஓடினாள். இந்தத் தீவின் தேர் ரூஜ் ஊரில் கரும்பு வண்டிகளுக்குச் சக்கரம் செய்கிற தச்சன் அவன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிரியோல், கலப்பு வம்சம். கொள்ளுத்தாத்தா புதுச்சேரியிலிருந்து உளியோடு கப்பலேறி வந்தவராம். அந்த உளி இன்னும் இவனிடம் இருக்கிறது, அவர் பேர்தான் யாருக்கும் தெரியாது. மேலே பூசைக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, கீழே ஏழு வருஷத்துக்கு முன் காமாட்சியின் புருஷன் பழனியாண்டி வாங்கிக் கொடுத்த வேட்டி. அது நிற்காது என்று பயந்து, இடுப்பில் கயிறு வேறு கட்டியிருந்தான்.

"ஏண்ணே இப்படி?" என்றாள்.

"காது குத்தின அன்னிக்கு இதானே கட்டினேன். ஜட்ஜு பாக்கட்டும்," என்றான் லுசியன், தெரிந்த தமிழில்.

வழக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவள் மகள், எட்டு வயசு பார்வதியின் பிறப்புச் சீட்டில் அப்பன் பேர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதில் பழனியாண்டி என்று எழுத வேண்டும். எழுதச் சொல்ல வேண்டிய பழனியாண்டி செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அவன் காமாட்சிக்குத் தாலி கட்டியது கோயிலில், ஊர் பார்க்க. சிவில் ஆபீசுக்குப் போய்ப் பதியவில்லை. இருநூறு பேர் கைநனைத்த கல்யாணத்துக்குக் காகிதம் எதற்கு என்று சிரித்தான். அவன் மட்டுமா, அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். சாமிக்குத் தெரிந்தால் சர்க்காருக்கும் தெரிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்வதி பிறந்தது கரும்பு வெட்டுக் காலத்தில். அவன் மில்லுக்கு வண்டியோட்டிக்கொண்டிருந்தான், மருத்துவச்சிதான் போய்ப் பிறப்பைச் சொன்னாள். கல்யாணச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு அவள் முழித்தாள். அப்படியானால் அப்பன் நேரில் வந்து, இது என் பிள்ளை என்று சொன்னால்தான் எழுதலாம் என்றார்கள். வெட்டு முடியட்டும், போகலாம் என்றான் பழனியாண்டி. ஏழு வெட்டு முடிந்தது. எட்டாவதற்குக் காய்ச்சல் முந்திக்கொண்டது.

அவன் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குவித்துவிட்டு, கரும்பு வைத்த இரண்டு ஆர்ப்பன், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலம் இருக்கிறது. அதைப் பிள்ளை பேருக்கு மாற்றப் போனபோதுதான் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு விஷயத்தை உடைத்தார். காகிதப்படி இவள் அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, அது அவன் பிள்ளையும் இல்லை, நிலம் தம்பி சின்னனுக்குத்தான் போகும். ஊரறியத் தன் மகளாக வளர்த்தான் என்று கோர்ட்டில் காட்டினால் பேரை ஏற்றலாம் என்றும் அவர்தான் சொன்னார். நிலம் போனால் போகிறது என்றுகூடச் சில நேரம் அவளுக்குத் தோன்றும். அப்பன் தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றிய பிள்ளைக்கு அப்பனே இல்லை என்று ஒரு காகிதம் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

சின்னன் எதிர்ப்பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். நிலத்தை விட்டுக்கொடு என்று அவனிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பார்வதிக்குக் காது குத்திய அன்றோடு அவன் உறவை முறித்துக்கொண்டு போனவன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். காமாட்சிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நம்மவரில் ஒருத்தனை அண்ணன் முறைக்கு உட்கார வை என்றான் சின்னன். பழனியாண்டி போய் லுசியனைக் கூட்டிக்கொண்டு வந்தான். "வலி எடுத்தப்போ மருத்துவச்சியை வண்டியில ஏத்திக்கிட்டு ஓடியாந்தவன் இவன். அண்ணன் வேற என்னத்தடா செய்வான்?" என்று கேட்டான். லுசியன் மணையில் விறைத்துப்போய் உட்கார்ந்தான். ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டு, புது வேட்டியை நனைத்துவிட்டது. ஊரே சிரித்தது. சின்னன் மட்டும் இலையில் உட்காராமல் எழுந்து போனான். அண்ணன் செத்தபோது வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான்.

லுசியனைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்கு நீ என்ன உறவு என்று நீதிபதி கேட்டார்.

"மோ மெம் சோ தோந்தோன்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நான்தான் அவள் மாமன்.

"தாயின் சகோதரனா?"

"ஆமாம், ஐயா."

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். தாய்க்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்று அதில் இருந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறாயா என்று கேட்டார். லுசியன் மணையைச் சொன்னான், ஊசியைச் சொன்னான், வேட்டியை இழுத்துக் காட்டினான். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எல்லாம் போயிற்று என்று காமாட்சி பார்வதியின் கையை இறுக்கிப் பிடித்தாள். நல்லது செய்ய வந்த மனுஷனும் மாட்டிக்கொண்டானே என்று அவளுக்கு அழுகை வந்தது.

நீதிபதி சின்னனைப் பார்த்தார். நிலம் உமக்கு வரவேண்டியது, நீர் என்ன சொல்கிறீர் என்று மொழிபெயர்க்கிற துபாசி தமிழில் கேட்டார்.

சின்னன் எழுந்தான். தொப்பியைப் பெஞ்சில் வைத்தான்.

"அவரு பொய் சொல்லலைங்க. எங்கண்ணன்தான் அவரை மாமனா உக்கார வச்சான். நான் ஊருக்கு முன்னாடி கூடாதுன்னு கத்தினேன். 'எம் பொண்ணு. அவளுக்கு யார் மாமன்னு நான்தான்டா சொல்லணும்'னான். அதுலேருந்து அவன் வாசப்படி மிதிக்கல. அவன் செத்தப்புறம்தான் மிதிச்சேன்." நீதிபதியை நேராகப் பார்த்தான். "சாட்சி வேணும்னா அந்தச் சண்டையைக் கேளுங்க, தேர் ரூஜ்ல எல்லாருக்கும் தெரியும். ஊரான் பிள்ளைக்காக அண்ணன் தம்பி அப்படி அடிச்சுக்குவாங்களா?"

"அப்படியானால் நிலம்?"

"அண்ணன் நிலம் அண்ணன் பொண்ணுக்கு."

துபாசி அதைச் சொல்லி முடிப்பதற்குள் காமாட்சி எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் எந்தக் கோபத்தை நினைத்துப் பயந்தாளோ, அதையே அவன் கொண்டுவந்து அண்ணனுக்காக மேசைமேல் வைத்துவிட்டான். சாமி எந்த வழியாக வரும் என்று யாருக்குத் தெரியும்? நீதிபதி கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டடத்தில் பெரிய புத்தகத்தைத் திறந்து, பார்வதியின் பக்கத்து ஓரத்தில் குமாஸ்தா பொடிப்பொடியாக எழுதினான். எது அவர் பேர் என்று காமாட்சி கேட்டாள். அவன் காட்டிய இடத்தை, மை காயவில்லை என்பதால் தொடாமல், குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியே சின்னன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் கைகூப்பினாள். "போங்கண்ணி, என்ன இதெல்லாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். லுசியன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.

"மச்சான், ஏறுங்க," என்றான் சின்னன்.

லுசியன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உங்களத்தாண்ணே," என்றாள் காமாட்சி.

வண்டியில் இடம் போதவில்லை. பார்வதி லுசியனின் மடியிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய நீண்ட கால்கள் வண்டிக்கு வெளியே தொங்கின. "பாத்து மச்சான், மறுபடியும் நனைச்சிடப் போறா," என்று சின்னன் திரும்பாமலேயே சொன்னான். ஏழு வருஷமாக வேறு தச்சனிடம் செய்துபோட்ட அவன் சக்கரங்கள், தேர் ரூஜ் பாதையெல்லாம் முனகிக்கொண்டே வந்தன. லுசியன் ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.