வலது பக்கத்து அர்த்தங்கள்

என் கணவரின் தம்பியை எல்லோரும் ‘கப்பல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் கப்பலில் துணி துவைக்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்து, வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்தவர். கடைப் பலகையிலும் ‘கப்பல்’தான். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது.

நான் ஆங்கில ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். யாராவது ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் எங்கள் வீட்டு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கப்பல் போனில் யாரிடமோ, ‘ஐ ஆம் பீட்’ என்றார்.

“பீட்டுன்னா அடி. எழுத்து மாறினா பீட்ரூட். நீங்க இதுல எது தம்பி?” என்று கேட்டுச் சிரித்தேன்.

“ரெண்டும் இல்ல அண்ணி. அலுத்துப் போயிட்டேன்னு அர்த்தம். கப்பல்ல அப்படித்தான் சொல்லுவாங்க.”

வீம்புக்குத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்றைக்குத்தான் அந்தப் புத்தக யோசனை வந்தது. ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள். இடது பக்கம் அகராதி அர்த்தம், வலது பக்கம் பேச்சுவழக்கு அர்த்தம். இடது என்னுடையது. வலது கப்பலுடையது.

எட்டு மாதம், ஞாயிறு தவறாமல் வந்தார். ‘ஸ்டீல்’ என்பதற்கு நான் எஃகு, திருடு என்று எழுதினால், “கொள்ளை மலிவா ஒண்ணு கெடச்சா ‘இட்ஸ் எ ஸ்டீல்’னு குதிப்பாங்க அண்ணி” என்பார். ‘டீ’ என்பதற்குத் தேநீர், கோல்ஃப் பந்தை நிறுத்தும் முளை என்று நான் எழுதினால், “வம்பு! யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு கேக்கறது” என்று, கப்பலில் அப்படி வம்பு கேட்கும் சமையல்காரனைப் போலவே பேசிக் காட்டுவார். என் நோட்டெல்லாம் அவருடைய கிரீஸ் விரல்தான். இருநூற்று முப்பது சொற்கள் சேர்ந்தன.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அட்டையில உங்க பேருக்குக் கீழ என் பேரும் வரணும் அண்ணி. முழுப் பேரு. பொண்ணு காலேஜ் போறாள்ல... சிநேகிதிங்க முன்னாடி நான் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசினா, ‘அப்பா, சும்மா இருங்க’ங்கறா. புத்தகத்த அவ மேசைல வெச்சுட்டா போதும்.”

“இது சொல்லணுமா தம்பி?” என்றேன்.

பதிப்பாளர் போனில், “அவர் என்ன படிச்சிருக்கார் மேடம்?” என்று கேட்டார். எட்டாவது என்றேன். “ம்ம்... உங்க இஷ்டம்” என்றார். அவ்வளவுதான். பழியை அவர் மேல் போட இத்தனை நாளும் முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. பள்ளியில் மற்ற ஆசிரியைகள் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டவள் நான். நன்றிப் பக்கத்தில் ‘உதவிய உறவினர்களுக்கும்’ என்று எழுதி, அச்சுக்குப் போகும் கடைசிப் படியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன்.

புத்தகம் வந்தது பார்சலில். நான் சொல்வதற்குள் என் கணவர் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். கப்பல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கூடவே மகளையும் அழைத்து வந்திருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். முன்னட்டையைப் பார்த்தார். பின்னட்டையைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். பிறகு மறுபடியும் முன்னட்டை.

“எங்கேப்பா, உங்க பேரு?” என்றாள் மகள்.

நான் பார்சல் காகிதத்தை மடிக்கத் தொடங்கினேன். ஊரையே திருத்துகிற வாய்!

“இது மாதிரிக்கு அடிச்சதும்மா. அடுத்ததுல வரும்” என்றார் கப்பல். என்னைப் பார்க்கவில்லை. அப்போதும் என்னைக் காப்பாற்றினார். அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “மெஷின்ல சத்தம் ஏதும் வருதா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். புத்தகம் மேசையிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும். “அவனுக்குக் கோவமே வராதே” என்றார் என் கணவர்.

இரண்டாம் பதிப்பு போடப்போவதாகப் பதிப்பாளர் சொன்னதும் முதல் வேலையாக அட்டையில் கப்பலின் முழுப்பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் போன் செய்தேன். அவர் “ஹலோ” என்றதும் தைரியம் போய்விட்டது. வாய்க்கு வந்த ஒரு சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

“தம்பி, ‘பெயில்’னு ஒரு வார்த்தை. ஜாமீன், வைக்கோல் கட்டு, ரெண்டும் போட்டுட்டேன். வலது பக்கம் என்ன போடலாம்?”

கடையில் ஏதோ ஒரு மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது.

“டிக்ஷனரில பாருங்க டீச்சர்” என்றார்.

அண்ணி போய்விட்டது. இருபது வருடமாக அவர் வாயில் இருந்த அண்ணி.

“டிக்ஷனரில இல்லாததாலதானே தம்பி உங்கள கேக்கறேன்.”

“அதுல இல்லன்னா, இல்லன்னே வெச்சுக்குங்க டீச்சர்” என்றார். குரலில் கோபமே இல்லை.