இடது கண்

எட்டு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்கத் தலைவரின் படம் வரப்போகிறது என்று ஆணை வந்த வாரமே, அந்தச் சுவரில் இருந்த பதினெட்டு ஜன்னல்களில் பதினேழைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மிஞ்சியது நாலாம் மாடியில், படம் வரையும் பெயிண்டரின் வீட்டு ஜன்னல். வீட்டுக்கு அது ஒன்றுதான். அவர் மனைவிக்கு இளைப்பு. ஜன்னலை மூடிய அரை மணி நேரத்தில் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும்.

அதனால் பெயிண்டர் ஒரு தந்திரம் செய்திருந்தார். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கும்போது, ஜன்னல் தலைவரின் கறுப்புக் கோட்டில் விழும்படி எண்ணி வைத்தார். திறந்த ஜன்னல் தூரத்துக்குக் கறுப்பாகத்தானே தெரியும். வேலையை மேற்பார்வை பார்த்த அதிகாரியும் ஒத்துக்கொண்டார்.

"கோட்டுப் பைக்குள்ள குடித்தனம்னு சொல்லிக்கலாம்," என்று மனைவி சிரித்தாள்.

அப்புறம் புதுப் படம் வந்தது. அதில் தலைவர் தொப்பி போட்டிருந்தார். சுவருக்குக் கொண்டுவந்தால் தொப்பி மட்டுமே இரண்டு மாடி உயரம். அதற்கு இடம்விட்டு முகம் கீழே இறங்கியது. பெயிண்டர் கட்டங்களை மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் ஜன்னல் இடது கண்ணிலேயே வந்து உட்கார்ந்தது.

"பலகை அடிச்சு மேல வரைஞ்சிருங்க," என்றார் அதிகாரி. "தலைவர் கண்ணு எப்பவும் தொறந்தே இருக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவரு கண்ணத் தொறக்க நான் மூச்ச அடைக்கணுமாக்கும். என் பொண்டாட்டிக்குக் காத்து வேணும்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொன்னா இந்த வீட்டுல மூச்சு விடறதுக்கு ஒரு ஆளு குறையும்."



பெயிண்டர் சாரத்தில் நின்று வெளியிலிருந்து பலகையை அடித்தார். ஒவ்வோர் ஆணிக்கும் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. கடைசி ஆணி முடிந்ததும் ரம்பத்தை எடுத்து, கருவிழி வரவேண்டிய இடத்தில் தட்டு அகலத்துக்கு ஓட்டை போட்டார். சுற்றிலும் பழுப்பும் வெள்ளையும் பூசினார். ஓட்டையை அப்படியே விட்டார். கீழிருந்து பார்த்தால் அச்சு அசலாகக் கறுப்பு விழி. பகலெல்லாம் மனைவி அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் அதிகாரி அவரைச் சதுக்கத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். கையில் தொலைநோக்கி.

"பெயிண்டர், விழி அசையுது."

பெயிண்டர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"என் சம்சாரம் சார். மூச்சுக்குத்தான் சார். இன்னைக்கே அடைச்சிடறேன்."

"அடைக்கறதா? அங்க பாருங்க." அதிகாரி தெருவைக் காட்டினார். சுவரைக் கடந்து போனவர்கள் ஒருவர் விடாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பேசிக்கொண்டு வந்த இரண்டு பேர் நிழலுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "இருபது வருசமா எத்தனையோ சுவரு வரைஞ்சோம். ஒருத்தனாவது இப்படிக் குனிஞ்சானா? நாளையிலேருந்து விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் உங்க வீட்டம்மா அங்கதான் நிக்கணும். அப்பப்போ அசையணும். நிக்கறாங்களான்னு யாராவது வந்து பார்ப்பாங்க."

பெயிண்டர் நாலு மாடியும் ஏறி வந்தார். மனைவி ஓட்டையிலிருந்து திரும்பினாள். கன்னத்தில் பலகையின் வட்டம் பதிந்திருந்தது.

"என்ன சொன்னாரு? அடைக்கணுமாமா?"

"இல்ல. நீ மூச்சு விடலாமாம்," என்றார். "அங்க நின்னுதான் விடணுமாம்."