பொன்னியை மக்கு என்றது

1

பள்ளி உளவியலாளர் ஆவதற்கான அந்தப் படிப்பு முன்னூற்று அறுபது மணி நேரம். அதில் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஆறு மணி நேரம். இந்தக் கதை அந்த ஆறாவது மணி நேரத்தில் நடக்கிறது. எனக்கு இதைச் சொன்னவள் டில்லி முனிர்காவில் என் அறைத்தோழி சுந்தரவல்லி. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள். (அவள் சொன்னது பாதி. மீதி என்னுடையது. எது எது என்று பிரித்துக் காட்டப்போவதில்லை.)

முதல் தொடக்கம்: "1983 ஜனவரி. டில்லியைப் பனி போர்த்திக்கொண்டு..."

வேண்டாம். நடந்தது ஏப்ரலில்.

2

பொன்னிக்கு எட்டு வயது. இந்திப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாய் திறக்கவில்லை. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பள்ளிக்கு மாற்றலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். முடிவு சொல்ல வேண்டியவர் மிஸஸ் மாத்துர், அந்தப் படிப்பில் சுந்தரவல்லியின் பேராசிரியை. அவர் பொன்னியின் அம்மா செங்கம்மாளை வரவழைத்தார். செங்கம்மாள் சேலத்துப் பக்கம். ஏசியாட் விளையாட்டுக்கான கட்டட வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவள். அவளுக்கு இந்தி வராது. மிஸஸ் மாத்துருக்குத் தமிழ் வராது. நடுவில் சுந்தரவல்லி.

(இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.)

3

பாடத்தின் முதல் விதி: குழந்தையைப் பாராட்டித் தொடங்கு, தாயின் மனம் திறக்கும்.

"உங்கள் பெண்ணின் கண்ணில் என்ன அறிவு!" என்றார் மிஸஸ் மாத்துர். சுந்தரவல்லி தமிழில் சொன்னாள்.

செங்கம்மாள் பதறிப்போய்ப் பொன்னியை முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். "அய்ய, இதுக்கு என்னாங்க அறிவு? சுத்த மக்கு. சோறு திங்கத்தான் தெரியும்."

சுந்தரவல்லி அதையும் அப்படியே இந்தியில் சொன்னாள்.

"அச்சா. அம்மாவே ஒப்புக்கொள்கிறார்." மிஸஸ் மாத்துர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

(சுந்தரவல்லி பௌதிகம் படித்தவள். காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். அவள் பி.எஸ்ஸியில் முதல் வகுப்பு வாங்கியபோது அவள் அம்மா பக்கத்து வீட்டில், "ஏதோ பாஸாயிட்டா" என்றாள். பிள்ளையின் பெருமையைப் பெற்றவளே பேசினால் கண் பட்டுவிடும். பேனா திறந்த பிறகுதான் அவளுக்கு இது ஞாபகம் வந்தது.)

4

ஒரு முடிவு: சுந்தரவல்லி எழுந்து கண்ணேறு பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறாள். மிஸஸ் மாத்துர் கண் கலங்கி...

இதை அடித்துவிட்டேன். சுந்தரவல்லி ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: கண் பட்டுவிடும் என்று பயந்துதான் இந்த அம்மா மக்கு என்கிறார். அதற்கு மிஸஸ் மாத்துர், "நஜர் எனக்குத் தெரியாதா? என் பேரனுக்கே மை வைக்கிறோம். ஆனால் உன் யூகத்தை எழுத முடியாது, பேட்டீ. அம்மா சொல்வதைத்தான் எழுத வேண்டும்" என்றார்.

5

இந்த இடத்தில் சுந்தரவல்லியை நான் நம்பவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாதவள். ஆனாலும் செங்கம்மாளிடம் திரும்பி இப்படிப் பேசியதாகத்தான் சொன்னாள்.

"சரிதாங்கம்மா. மக்குதான். மக்குப் பிள்ளைங்க ஸ்கூல்ல போடச் சொல்லி இவங்க எழுதப்போறாங்க."

"எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். பெத்தவ. இவுங்க யாரு சொல்றதுக்கு?" செங்கம்மாளின் குரல் ஏறியது. "மேஸ்திரிகிட்ட எனக்காவ இந்தியில சண்டை போடறது யாருங்க? இதுதான்! மொத நாளு அந்த மேஸ்திரி இந்தியை, நீ வா போன்னு, டீச்சர்கிட்டயும் பேசிருச்சு. பொளேர்னு ஒண்ணு குடுத்தாங்க. அதோட வாயை மூடிக்கிச்சு."

பொன்னி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரவல்லி மொழிபெயர்த்தாள். மிஸஸ் மாத்துர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "பெண் எப்படிப்பட்டவள் என்று அம்மாவையே சொல்லச் சொல். அவர் வாயால்" என்றார்.

6

மிஸஸ் மாத்துர் கடைசியில் என்ன எழுதினார் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

செங்கம்மாள் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பொன்னியின் தலையை முந்தானையால் மூடினாள். பேராசிரியையின் அறை என்று பாராமல் மூன்று முறை தூ, தூ, தூ என்றாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எம் பொண்ணு கெட்டிக்காரிங்க."