புதுப் பெயிண்ட் அடித்த வீடு

மும்பை தாராவியில் தோல்பை பட்டறை நடத்தும் கணேசபாண்டியனுக்குச் செம்பூரில் சொந்த வீடு வாங்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அங்கே பழைய சொசைட்டிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த தன் ஃப்ளாட்டை விற்கப்போவதாக மாட்டுங்காவில் குடியிருக்கும் தெரிந்தவர் அனந்தகிருஷ்ணன் சொன்னதும், அவன் வேறு வீடு பார்க்கவே இல்லை. அவர் பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வீடு பார்க்கப் போனபோது அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கோ" என்றார். கணேசபாண்டியன் அதிலேயே கரைந்துபோனான். அவன் மனைவி பூமாரி உட்காரவில்லை. வீடெல்லாம் மங்கிக் கிடக்க, அடுக்களைக் கூரையில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. படியிறங்கும்போது தூண்களில் ஓடிய விரிசல்களைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு இன்ஜினியரைக் கூட்டியாந்து காட்டுவோம். பில்டிங் உறுதியா இருக்கான்னு சொசைட்டில ஆடிட் பண்ணிருக்காங்களான்னும் கேட்டுருவோம்."

"சும்மா கெடட்டி. படிச்ச மனுசன், நம்மளுக்கு நாற்காலி போடுதாரு. அவரு வீட்டுச் சுவரைச் சொரண்டிப் பாக்கச் சொல்லுதியா? தாராவிக்காரன் புத்தியக் காட்டிட்டான்னு நெனைக்க மாட்டாரா?"

வீட்டை வாங்கினார்கள். பூமாரியின் நகைகளும் அதற்குள் போயின.

முதல் மழைக்காலத்திலேயே அடுக்களைக் கூரை பெயர்ந்து விழுந்தது. துணி எடுக்க அவள் பால்கனிக்குப் போயிருந்ததால் தப்பினாள். அடுப்பு நசுங்கிக் கிடந்தது. மேலே துருவேறிய கம்பிகள் தெரிந்தன.

சொசைட்டி செயலாளர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும் என்று ஆடிட்டில் எப்போதோ சொல்லிவிட்டார்களாம். அதைப் பேசிய கூட்டத்தில் அனந்தகிருஷ்ணனும் இருந்தாராம்.

இருவரும் அன்றே மாட்டுங்காவுக்குப் போனார்கள். அனந்தகிருஷ்ணன் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை.

"நீங்க கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பழைய பில்டிங் வாங்கறவா இதெல்லாம் விசாரிக்கறதுதானே வழக்கம்?"

கணேசபாண்டியன் அவர் முன்னால் அப்போதும் கைகட்டித்தான் நின்றான். அதைப் பார்த்த பூமாரி முன்னால் வந்தாள்.

"கேக்கணும்னு நான் சொன்னேன் சார். உங்க மரியாதை கெட்டுருமேன்னு இவரு என் வாயை அடைச்சாரு. அந்த மரியாதைக்காவது நீங்களே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

சில வாரங்களில் அபாயமான கட்டடம் என்று தண்ணீரையும் கரண்டையும் மாநகராட்சி நிறுத்தியது. எல்லோரும் காலி செய்தார்கள். திரும்பக் கட்டித்தர வந்த பில்டருக்கும் சொசைட்டிக்கும் வழக்கு நடக்கிறது. கணேசபாண்டியனும் பூமாரியும் மான்குர்தில் வாடகைக்குப் போனார்கள்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியனின் சித்தப்பா மகன் மாரிக்கண்ணன் தன் மனைவி மாரிசெல்வியோடு வந்தான். டோம்பிவிலியில் பழைய ஃப்ளாட் ஒன்று பார்த்திருந்தார்கள். கணேசபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தூணைப் பாரு. ஆடிட் ரிப்போர்ட்ட வாங்கி இன்ஜினியர்ட்ட காட்டு. மழை நேரத்துல ஒருக்கா போயி கூரையப் பாரு. கீழ் வீட்ல விசாரி. நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன்டா. இவதான் செம்பூரு செம்பூருன்னு அவசரப்படுத்திட்டா."

டீ கொண்டுவந்த பூமாரி வாசலிலேயே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிற முகமாகவும் அது இல்லை. அப்படித்தான் நடந்தது என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

அவள் தம்ளர்களை வைத்துவிட்டு மாரிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செல்வி, எல்லாத்தையும் நீயே போயி கேளு. உன் புருசன் வேண்டாம்னு சொன்னாலும் கேளு."

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதிய?" என்று மாரிசெல்வி சிரித்தாள். மாரிக்கண்ணனும் சிரித்தான். கணேசபாண்டியன் டீயைத் தொடாமல் எழுந்து வெளியே போனான்.